வானத்தில் விழுந்த கோடு

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கலர்ப் போட்டோ ஆல்பம் இருந்தால் எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வானமோ வெள்ளைச் சுவரோ பெரிதாகத் தெரியும் படம் ஒன்றைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த வானம் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே சீராக இருக்கிறதா? இருந்தால், அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டவர் ஒரு கடினமான வேலையைச் செவ்வனே முடித்திருக்கிறார் என்று பொருள்.

இலையும் கிளையும் நிறைந்த படத்தில் சிறு குறை இருந்தாலும் நம் கண் அதைப் பொருட்படுத்தாது. வெறும் வானத்தில் ஒரு மெல்லிய கோடு விழுந்தால் கண் அதைத்தான் முதலில் பார்க்கும். இன்று செல்பேசியிலிருந்து லேபில் கொடுத்துப் போடும் படங்கள் பலவும் அதே வகைக் காகிதத்தில், அதே வகைக் கரைசல்களில்தான் உருவாகின்றன. அங்கே உருளைகள் பொருத்திய எந்திரம் காகிதத்தைச் சீராக இழுத்துச் செல்கிறது. ஆனால் இருட்டறையில் தம் கையாலேயே கலர் பிரிண்ட் போடுபவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓயாத தொல்லை இந்தக் கோடுகளும் திட்டுகளும்தாம். அவை எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனால், உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்தில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம். கலர்ப் படக் காகிதத்தின் மேல் ஜெலட்டின் பூச்சுகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றுள் முக்கியமானவை மூன்று. மேலடுக்கு சிவப்பு ஒளியை உணர்ந்து சியான் சாயத்தைத் தரும். சியான் என்பது நீலமும் பச்சையும் கலந்த நிறம். நடு அடுக்கு பச்சை ஒளியை உணர்ந்து மெஜந்தா சாயத்தைத் தரும்; நம் வாடாமல்லிப் பூவின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள அடுக்கு நீல ஒளியை உணர்ந்து மஞ்சளைத் தரும். ஒவ்வோர் அடுக்கிலும் வெள்ளிக் குளோரைடுத் துகள்களும், சாயம் உண்டாக்கும் இணைப்பிப் பொருளும் இருக்கின்றன. ஒளி பட்ட துகள்களை டெவலப்பர் கரைசல் வெள்ளியாக மாற்றுகிறது. அப்போது டெவலப்பர் தானும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படி மாறிய டெவலப்பர் அருகிலுள்ள இணைப்பியுடன் சேர்ந்தால் சாயம் பிறக்கிறது. இந்த வழிக்கு அடிகோலியவர் ஜெர்மானிய வேதியியலார் ருடால்ஃப் ஃபிஷர். 1912-ஆம் ஆண்டை ஒட்டி அவர் கண்ட வழிதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்து வருவது பிளிக்ஸ் எனப்படும் வெளுத்து நிலைநிறுத்தும் கரைசல். அதிலுள்ள இரும்புச் சேர்மமும் தயோசல்பேட்டும் வெள்ளி முழுவதையும் கரைத்து வெளியேற்றுகின்றன. மிஞ்சுவது சாயம் மட்டுமே. இப்போது வழக்கிலுள்ள ஆர்.ஏ.-4 முறையில் 35 டிகிரி செல்சியஸில் டெவலப்பரில் 45 விநாடி, பிளிக்ஸில் 45 விநாடி, பிறகு நீரில் கழுவுதல், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் வீட்டு இருட்டறையில் பெரும்பாலும் ஒரு டிரம்மில் செய்கிறார்கள். அது பிளாஸ்டிக்கால் ஆன, ஒளி புகாத உருளை. இருட்டில் காகிதத்தை வளைத்து அதனுள் செருகி மூடிவிட்டால் பிறகு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். மூடியிலுள்ள துளை வழியே கரைசலை ஊற்றி, டிரம்மைப் படுக்க வைத்து உருட்ட வேண்டும். 20 செ.மீ.க்கு 25 செ.மீ. அளவுள்ள ஒரு தாளுக்கு 70 மி.லி. கரைசல் போதும்.

ஏன் உருட்ட வேண்டும்? ஊற்றிவிட்டுச் சும்மா இருந்தால் என்ன?

காப்பி டம்ளரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்காமல் குடித்துப் பாருங்கள். மேலே கசப்பு, அடியில் பாகு. சர்க்கரை கரைந்துதான் இருக்கிறது. ஆனால் மேலே வந்து சேரவில்லை. நிலையான நீரில் மூலக்கூறுகள் பரவுவது மிக விந்தையான கணக்கு. ஒரு மூலக்கூறு இரண்டு மடங்கு தூரம் பரவ நான்கு மடங்கு நேரம் ஆகும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். நீரில் கரைந்த சிறிய மூலக்கூறுகளுக்கு இக்கணக்கைப் போட்டால், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 8 நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 மணி நேரம்!

படக் காகிதத்தின் பூச்சு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனம் என்ற அளவில்தான் இருக்கிறது. ஜெலட்டினுக்குள் பரவல் நீரில் உள்ளதைவிட மெதுவாக நடக்கும் என்றாலும், பூச்சின் மேலிருந்து அடிவரை டெவலப்பர் இறங்க அதிக நேரம் ஆகாது. ஆனால் காகிதத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் புத்தம்புதிய டெவலப்பர் தானாகக் கீழே வந்து சேர 8 நிமிடம் ஆகும். நமக்கு இருப்பதோ 45 விநாடி. எனவே காகிதத்தை ஒட்டியுள்ள கரைசல் வலுவிழந்து அங்கேயே தங்கிவிடுகிறது. கருமையான பகுதிகளில் அதிகமாகச் செலவாகிறது, வெளிறிய பகுதிகளில் குறைவாகச் செலவாகிறது. கலக்கினால்தான் புதுக் கரைசல் வந்து பழையதைத் தள்ளும். கலக்குவதிலும் ஒரே போக்கு கூடாது. எப்போதும் ஒரே திசையில் கரைசல் ஓடினால் ஆற்று மணலில் நீர் வரிவரியாகத் தடம் போடுவதுபோல் படத்திலும் வரிகள் விழக்கூடும். ஆகவேதான் டிரம்மை முன்னும் பின்னுமாக உருட்டுகிறார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இக்குறை நேர்ந்தால் ஓரிடம் சற்று வெளிறும், ஓரிடம் சற்றுக் கறுக்கும், அதோடு போயிற்று. கலர்ப் படத்தில் நிறமே மாறிவிடுகிறது. மூன்று அடுக்குகளில் மஞ்சள் தரும் அடுக்கு அடியில் இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? டெவலப்பர் அதனிடம் கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது. நேரமோ வெப்பநிலையோ குறைந்தால் முதலில் பின்தங்குவது அந்த அடுக்குதான். மஞ்சள் குறைந்தால் நீலம் மேலோங்கும். அதனால் வேலை அரைகுறையாக நின்ற இடத்தில் கறுப்பு முடி நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். இதை அறிந்தவர் அந்த இடத்தைப் பார்த்ததுமே, "இங்கே டெவலப்பர் முழு வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிடுவார்.

வேகமான முறை என்பதே ஒரு விதத்தில் தொல்லைதான். ஆர்.ஏ.-4க்கு முந்தைய ஈ.பி.-2 முறையில் டெவலப்பருக்கு மூன்றரை நிமிடம் இருந்தது. கரைசல் காகிதம் முழுவதும் பரவ 4 விநாடி ஆகிறது என்றால், அந்த நாளில் அது மொத்த நேரத்தில் 2 சதவீதம். இன்று 45 விநாடியில் அது 9 சதவீதம். முதலில் நனைந்த ஓரம் அந்த அளவுக்கு முந்திக்கொள்கிறது. முழு நேரமும் கொடுத்தால் பின்தங்கிய இடமும் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடும். அதற்காகவே டிரம்மில் செய்பவர்கள் ஒரு நிமிடம் வரை கொடுப்பதுண்டு. அவசரப்பட்டு 35 விநாடியில் கொட்டிவிட்டால் கோடு நிச்சயம். கரைசலுக்கு முன்னால் அதே வெப்பநிலையுள்ள வெறும் நீரை ஊற்றி ஒரு முறை உருட்டுவது மிக நல்ல பழக்கம். காகிதம் ஒரே சீராக நனையும்; சென்ற பிரிண்டின்போது டிரம்மில் தங்கிய சொட்டுகள் செய்யும் குறும்பும் நீங்கும்; டிரம்மும் சூடேறும்.

டிரம் சூடேறுவது அத்தனை முக்கியமா என்று கேட்பீர்கள். இதோ உங்கள் கலோரிமானிக் கணக்கு. டிரம்மின் எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்கின் தன்வெப்பம் நீரினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அந்த டிரம் 100 கிராம் நீருக்குச் சமம். குளிர்நாட்டு வீடு ஒன்றில் டிரம் 15 டிகிரியில் இருக்கிறது. அதில் 35 டிகிரியில் உள்ள 70 கிராம் டெவலப்பரை ஊற்றுகிறோம். இரண்டும் முழுமையாக வெப்பத்தைப் பகிர்ந்துகொண்டால் முடிவில் வெப்பநிலை ஏறத்தாழ 23 டிகிரி! நம் ஊரில் டிரம் 30 டிகிரியில் இருந்தால் அதே கணக்கு 32 டிகிரி தரும். பிளாஸ்டிக் முழுவதும் 45 விநாடிக்குள் சூடேறாது என்பதால் உண்மையில் இவ்வளவு இறக்கம் வராது. ஆனாலும் வெயிலை நொந்துகொள்ளும் நாம் இந்த ஓர் இடத்தில் அதற்கு நன்றி சொல்லலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்.ஏ.-4 டெவலப்பரை அறை வெப்பநிலையிலேயே வைத்து, நேரத்தை இரண்டு நிமிடம் அளவுக்குக் கூட்டி நல்ல படம் எடுப்பவர்களும் உண்டு. காகிதம் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் கோடு விழாது. ஓர் ஓரம் 35, மறு ஓரம் 28 என்று இருந்தால் விழும்.

இதுவரை சொன்னவை நீரில் நேரும் குறைகள். ஒளியில் நேரும் குறைகளும் உண்டு. என்லார்ஜர் எனும் உருப்பெருக்கும் கருவியில் லென்சின் அச்சிலிருந்து விலகிச் செல்லும் ஒளி, கோணத்தின் கோசைனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 20 டிகிரி விலகினால் 78 சதவீதம்தான் மிஞ்சும். அதனால் மூலைகள் வெளிறும். நெகட்டிவைக் கண்ணாடிகளுக்கு இடையே அழுத்தி வைத்தால் சிலவேளை படத்தில் வண்ண வளையங்கள் தோன்றும். அவை வேறெவையும் அல்ல, நியூட்டன் வளையங்கள்தாம்! கலர் என்லார்ஜரில் வண்ண வடிப்பான்கள் ஒளிக்கற்றையில் பாதி நுழைந்தும் நுழையாமலும் நிற்கும். அந்த ஒளியை வெண்ணிறச் சுவர்களுள்ள ஒரு பெட்டி கலந்து சீராக்குகிறது. பெட்டி சரியாகப் பொருந்தாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் வாடாமல்லியும் ஓடும்.

ஒளிக் கசிவு தனி வகை. கறுப்பு வெள்ளை வேலையில் பழகியவர்கள் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவதை இயல்பாக எண்ணுவார்கள். கலர்க் காகிதத்தின் மேலடுக்கோ சிவப்பைத்தான் உணர்கிறது. ஆகவே படம் முழுவதும் சியான் ஏறிவிடும். மின்கருவியில் மினுக்கும் ஒரு சிறு சிவப்புப் புள்ளி விளக்கும், இருட்டில் பச்சையாக ஒளிரும் கடிகார முள்ளும்கூடப் போதும். கறையின் நிறத்தைப் பார்த்தால் அதன் எதிர்நிறத்தில் திருடன் இருக்கிறான்: சியான் கறைக்குச் சிவப்பு ஒளி, மெஜந்தா கறைக்குப் பச்சை ஒளி, மஞ்சள் கறைக்கு நீல ஒளி.

இத்தனை காரணங்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பணிபுரியும் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவி ஒருவர் 1988-இல் எடுத்த நெகட்டிவ் ஒன்றைக் கொண்டுவந்தார். பாட்டி பழைய வீட்டுத் திண்ணையில் நிற்கும் படம். அந்த வீடு இன்று இல்லை, பாட்டியும் இல்லை. தன் கையால் ஒரு நல்ல பிரிண்ட் போட்டு அம்மாவுக்குத் தர வேண்டும் என்பது அவர் ஆசை. பெட்டியில் பத்துத் தாள்கள் இருந்தன. ஆறு தாள்களைச் செலவிட்டும் வெள்ளைச் சுவரில் இளஞ்சிவப்புக் கோடுகள், ஒரு பக்கத்தில் கருமையான பட்டை. ஒவ்வொரு முறையும் அவர் நேரத்தையும் மாற்றினார், வெப்பநிலையையும் மாற்றினார், கரைசலையும் புதிதாகக் கலக்கினார். "காகிதம் பழசு சார், அதான்" என்றார் முடிவில். இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் காகிதத்தைக் குற்றம் சொல்லவும் நமக்குச் சான்று இல்லை, விடுவிக்கவும் சான்று இல்லை. மிஞ்சியவை நான்கு தாள்கள்.

முதல் தாளை இருட்டிலேயே இரண்டாக வெட்டினோம். ஒரு பாதியை ஒளியே காட்டாமல் டிரம்மில் இட்டு வழக்கம்போல் செய்தோம். ஒளி படாத காகிதம் தூய வெள்ளையாகத்தான் வர வேண்டும். வந்ததோ இளஞ்சிவப்புக் கோடுகளுடன்! என்லார்ஜர் பக்கமே போகாத தாள் அது. ஆகவே லென்சும் வடிப்பானும் நிரபராதிகள். ஒளி படாததால் டெவலப்பர் ஓரிடத்தில் கூடுதலாக வேலை செய்தது என்றும் சொல்ல முடியாது. டெவலப்பருக்குப் பிறகு ஏதோ நடக்கிறது.

நடந்தது இதுதான். காகிதத்தில் ஊறியிருந்த டெவலப்பர் வடியுமுன் பிளிக்ஸ் உள்ளே வருகிறது. பிளிக்ஸிலுள்ள இரும்புச் சேர்மம் ஆக்சிஜனேற்றி ஆயிற்றே! அது வெள்ளியோடு நிற்காமல் எஞ்சிய டெவலப்பரையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. மாறிய டெவலப்பர் இணைப்பியுடன் சேர்ந்து, படமே இல்லாத இடத்திலும் சாயத்தை உண்டாக்குகிறது. கரைசல் ஓடிய வழியெல்லாம் கோடு. இடையில் 2 சதவீத அசெட்டிக் அமிலத்தை அரை நிமிடம் உருட்டினால் போதும். டெவலப்பர் காரத்தில்தான் வேலை செய்யும். அமிலம் அதை அந்தக் கணமே நிறுத்திவிடும். மறு பாதித் தாளை அப்படியே செய்தோம். பால்போல் வெள்ளையாக வந்தது.

கருமையான பட்டை மிச்சம் இருந்தது. இரண்டாம் தாளுக்கு, நெகட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில், கழுவிய பிலிமின் நுனியில் படம் பதியாத செம்மஞ்சள் துண்டை வைத்துத் தாள் முழுவதும் ஒரே சாம்பல் நிறம் வரும்படி ஒளி காட்டினோம். தாளின் ஒரு மூலையைச் சிறிது கத்தரித்து அடையாளமிட்டு, பாட்டி படத்துக்கு வைத்ததற்குத் தலைகீழாகத் திருப்பி என்லார்ஜரின் கீழ் வைத்தோம். டிரம்மில் மட்டும் வழக்கமான பக்கமாகவே செருகினோம். பட்டை என்லார்ஜரால் வந்தது என்றால், திருப்பிய தாளில் அது மறு ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, டிரம்மின் மூடிப் பக்கமே இருந்தது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி டிரம்மின் மேல் வைத்துப் பார்த்தோம். குமிழி ஒரு பக்கம் ஓடி நின்றது. மேசை சாய்ந்திருக்கிறது! 70 மி.லி. கரைசல் மூடிப் பக்கம் தேங்கியதால் அங்கே கருமை, மறு பக்கம் பட்டினி. மேசைக் காலுக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றை வைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தோம். மூன்றாம் தாளிலும் சாம்பல் நிறமே போட்டோம். ஓரத்துக்கு ஓரம் ஒரே சீராக வந்தது.

இரண்டு குறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்ததால்தான் முதல் ஆறு தாள்களில் எதை மாற்றியும் பலன் தெரியவில்லை. நான்காம் தாளில் பாட்டி படத்தைப் போட்டார் அந்த மாணவி. சுவர் வெள்ளையாக இருந்தது. முகத்தில் சிவப்பு சற்றுக் கூடுதல் என்று அவரே சொன்னார். காகிதம் தீர்ந்துவிட்டது; ஆனாலும் அம்மாவிடம் கொடுக்கத் தகுந்த படம்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கலர் டெவலப்பரின் மூலப்பொருள் சிலரது தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். தலைச் சாயம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணமான பொருளுக்கு அது நெருங்கிய உறவு. ரப்பர்க் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. காற்றோட்டமும், பழகிய பெரியவர் ஒருவரும் அருகில் இருக்க வேண்டும். வெள்ளி கரைந்த பிளிக்ஸைச் சாக்கடையில் கொட்டுவதும் தகாது.

டிரம்மும் காகிதமும் இல்லாதவர்களுக்கு ஒரு புதிர் தருகிறேன். ஒருவர் போட்ட படத்தில் நீளவாக்கில் ஒரு கோடு. நிறம் சியான். வெள்ளை விளிம்பிலும் அது தொடர்ந்து ஓடுகிறது. ஒளி காட்டாத தாளிலும் அதே இடத்தில் இருக்கிறது. தாளை டிரம்மில் தலைகீழாகச் செருகினாலும் கோடு தாளோடு போகிறதே தவிர டிரம்மில் ஓரிடமாக நிற்கவில்லை. பெட்டியில் மேலே உள்ள தாளில் அழுத்தமாகவும், கீழே போகப்போக மங்கலாகவும் தெரிகிறது. அவர் டெவலப்பரை மாற்றலாமா என்று யோசிக்கிறார். நீங்கள் அவருடைய காகிதப் பெட்டியின் மூடியைப் பார்க்கச் சொல்வீர்கள். அந்த அறையில் சிவப்பாக எரிவது எது என்றும் கேட்பீர்கள்.